மிட்ஃபீல்டில் எந்த மூன்று பேரை இறக்குவது?

கரைமடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. இந்த வருடம் ஊர் ஃபுட்பால் டீமுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். அதனால் ஆழ்கடல் போட்டுக்குப் போகிறவர்களும் இப்போது கரையில்தான் இருக்கிறார்கள். ஜூலையில் லீக் ஆட்டங்கள், ஆகஸ்டில் நாக் அவுட். கோலி, அவருக்கு முன்னால் நடுவில் தடுக்கிற ஸ்டாப்பர்கள், முன்னால் ஆடுகிறவர்கள் என்று மற்ற இடமெல்லாம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நடுக்களம் மட்டும் உட்காரவே மாட்டேன் என்கிறது.

4-3-3 ஆடுகிறோம், அதாவது பின்னால் நான்கு, நடுவில் மூன்று, முன்னால் மூன்று. மூன்று இடத்துக்கு நான்கு பேர் இருக்கிறார்கள்.

10-ஆம் நம்பர்: இடது கால்காரன். எங்கள் பக்கத்தில் இவனைப்போல் பாஸ் கொடுக்க ஆள் கிடையாது. நாற்பது கஜம் தள்ளி ஓடுகிறவனின் காலடியில் பந்தை வைப்பான். ஆனால் வேகம் குறைவு, திரும்பி ஓடுவதும் குறைவு.

8-ஆம் நம்பர்: கேப்டன். எதிராளியின் கோலுக்கு முன்னால் உள்ள பாக்ஸுக்குள் சரியான நேரத்தில் நுழைவார். போன சீசனில் எங்கள் ஸ்ட்ரைக்கரை விட இவர்தான் அதிக கோல் அடித்தார்.

14-ஆம் நம்பர்: கல்லூரியில் படிக்கிற பையன். தொண்ணூறு நிமிடமும் ஓடுவான். பந்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரைத் தாண்டுவான், பறிபோனால் அவனே துரத்தி வாங்குவான்.

6-ஆம் நம்பர்: ஆழ்கடல் தொழிலுக்குப் போகிற அண்ணன். பந்தைப் பறிப்பார், பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கொடுப்பார், அவ்வளவுதான். ஊரில் யாரும் இவரைப் பற்றிப் பேசுவதில்லை.

10, 8, 14 மூவரும் சேர்ந்து ஆட வேண்டும் என்றுதான் ஊரே சொல்கிறது. அப்படித்தான் போன சீசன் ஆடினோம். முதல் பாதி பார்க்கக் கண்கொள்ளாது. அறுபது நிமிடம் தாண்டினால் நடுவில் யாருமே இல்லாத மாதிரி ஆகிவிடும், எதிராளி நேராக ஸ்டாப்பர் மேல் வந்து நிற்பான். வாங்கிய கோல்களில் பாதிக்கு மேல் நடுவழியாக வந்தவை.

இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இடது ஓரத்தில் தடுக்க வேண்டிய எங்கள் லெஃப்ட் பேக் பாதி நேரம் முன்னால் ஏறி விங்கராகத்தான் ஆடுவான். அதைத் தடுக்க எனக்கு மனமில்லை, எங்கள் தாக்குதலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ரைட் விங்கர் நல்ல கோல்காரன், ஆனால் கீழே இறங்கி வரமாட்டான். இந்த நிலையில் நீங்கள் யாரை இறக்குவீர்கள்?


பழைய சென்டர் ஹாஃப் எழுதியது:

தம்பி, நன்றாக விவரம் கொடுத்திருக்கிறீர்கள். நடுக்களத்தைப் பற்றிக் கேட்கிற பலர் அந்த மூவரைப் பற்றி மட்டும்தான் சொல்வார்கள். நீங்கள் லெஃப்ட் பேக்கையும் ரைட் விங்கரையும் சேர்த்துச் சொன்னீர்கள் பாருங்கள், உங்களுக்கான பதில் அந்தக் கடைசிப் பத்தியில்தான் இருக்கிறது.

சென்னையில் பல வருடமாகப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். டீம் எழுத உட்காரும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நாம் தாக்கும்போது பந்து பறிபோனால், அந்த நொடியில் ஸ்டாப்பர்களுக்கு முன்னால் யார் நிற்கிறார்? 10, 8, 14 என்று போட்டால் அந்த இடத்தில் யாரும் இல்லை. லெஃப்ட் பேக் மேலே, கேப்டன் பாக்ஸுக்குள், 14 பந்தோடு எங்கோ. மிச்சம் இருக்கிற 10 திரும்பி ஓடமாட்டான். முதல் பாதியில் கால்கள் புதிதாக இருப்பதால் இது தெரியாது. அறுபதாவது நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் ரியல் மாட்ரிட் ஒரே சீசனில் பார்சிலோனாவோடு ஆடிய இரண்டு லீக் ஆட்டங்களைப் பாருங்கள். 2015 நவம்பர் 21, மாட்ரிட் சொந்த மைதானம். பயிற்சியாளர் ரஃபா பெனிடெஸ். முன்னால் பேல், பென்சிமா, ரொனால்டோ. நடுவில் குரூஸ், மோட்ரிச், ஹாமெஸ் ரோட்ரிகஸ். பெயர்களைப் படித்தாலே எதிராளி பயப்பட வேண்டும். பந்தைப் பறிக்கிற ஆளான கேசமிரோ பெஞ்சில் இருந்தார். பார்சிலோனா 4-0. சுவாரஸ் இரண்டு, நெய்மார் ஒன்று, இனியெஸ்டா ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் மாட்ரிட்டின் மூன்று மிட்ஃபீல்டர்களில் ஒருவர்கூட மட்டமில்லை. ஆனால் பந்து போனால் நடுவில் நிற்க ஆளில்லை.

ஜனவரியில் ஜிடான் பொறுப்புக்கு வந்தார். 2016 ஏப்ரல் 2 அன்று பார்சிலோனாவின் மைதானத்தில் அதே முன்வரிசை மூவர், அதே குரூஸ், அதே மோட்ரிச். ஹாமெஸ் இருந்த இடத்தில் கேசமிரோ. 2-1 என்று மாட்ரிட் ஜெயித்தது, அதுவும் ரமோஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போன பிறகு ரொனால்டோ அடித்த கோலில். 39 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த பார்சிலோனா அன்று தோற்றது. அப்புறம் 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக். ஜிடான் பணம் கொட்டிப் புதிதாக ஆள் வாங்கி இதைச் செய்யவில்லை. வருடம் முழுக்க அங்கேயே இருந்தவரைத்தான் இறக்கினார்.

அதனால் உங்கள் டீமில் முதலில் எழுத வேண்டிய பெயர் 6. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது 10. ஆனால் அவனை நீங்கள் இப்போது வைத்திருக்கிற இடத்தில் வேண்டாம். அந்த மாட்ரிட் டீமில் லெஃப்ட் பேக் மார்செலோ மேலே போகும்போது குரூஸ் என்ன செய்வார் தெரியுமா? இடது பக்கம் கீழே இறங்கி, மார்செலோ விட்டுப்போன இடத்தில் வந்து நிற்பார். அங்கிருந்தே பந்தை வாங்கி எல்லாப் பக்கமும் பிரித்துக் கொடுப்பார். முன்னால் முழு மைதானமும் தெரியும், முதுகில் யாரும் இல்லை. குரூஸும் வேகத்துக்குப் பெயர் போனவர் கிடையாது. உங்கள் பையன் இடது கால்காரன் வேறு. லெஃப்ட் பேக் ஓடுகிற ஓட்டத்துக்குப் பின்னால் அவனை நிறுத்துங்கள். திரும்பி ஓட வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.

மூன்றாவது இடத்தை வேறு நண்பர்களும் சொல்லட்டும். என் கணக்கில் கேப்டன் இல்லை, 14.


நீலவெள்ளை எழுதியது:

அண்ணா சொன்னதற்கு மேல் ஒன்று. அந்த மூன்றாவது இடத்துக்குப் பதில் உங்கள் ரைட் விங்கரிடம் இருக்கிறது ப்ரோ.

நான் அர்ஜென்டினா ரசிகன், அதனால் எதைப் பேசினாலும் அங்கேதான் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2022 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், நவம்பர் 22. அதற்கு முன் 36 ஆட்டங்கள் தோற்காமல் வந்த டீம் சவுதி அரேபியாவிடம் 1-2 என்று தோற்றது. அன்றைய நடுக்களத்தில் டி பால், பரேடெஸ், இடது பக்கம் பாப்பு கோமஸ். காயத்தால் லோ செல்சோ கத்தாருக்கே வரவில்லை. அவர் விட்டுப்போன ஓட்டையை யாரை வைத்து அடைப்பது என்று பயிற்சியாளர் ஸ்கலோனி தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்து மெக்சிகோவுடன் ஆடியபோது கிடோ ரோட்ரிகஸும் மக் அலிஸ்டரும் இறங்கினார்கள். இரண்டாம் பாதியில் கிடோவை எடுத்துவிட்டு என்சோ ஃபெர்னாண்டஸை விட்டார். முதலில் மெஸ்ஸி ஒரு கோல், கடைசி நிமிடங்களில் என்சோ ஒரு கோல். போலந்துடன் ஆடும்போது டி பால், என்சோ, மக் அலிஸ்டர் மூவரும் முதல் நிமிடத்திலிருந்தே இறங்கினார்கள். டிசம்பர் 18-ல் பிரான்ஸுடன் ஆடிய இறுதி ஆட்டத்திலும் நடுவில் அதே மூவர்தான். இரண்டு பெயரை மாற்றியதில் டீமே வேறு மாதிரி ஆகிவிட்டது.

உங்களுக்கு வேண்டியது டி பாலின் வேலை. மெஸ்ஸி வலது பக்கத்தில் தொடங்குவார், கீழே இறங்கி வரமாட்டார். அவர் வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. அவர் விட்ட இடத்தையெல்லாம் டி பால் ஓடி நிரப்புவார். எதிராளியின் லெஃப்ட் பேக் ஏறினால் டி பால் போவார், நம் ரைட் பேக் தனியாக மாட்டினால் அங்கும் டி பால்தான். உங்கள் ரைட் விங்கர் இறங்கமாட்டான் என்கிறீர்கள். அப்படியென்றால் வலது பக்க மிட்ஃபீல்டர் கண்டிப்பாக ஓட்டக்காரனாக இருக்க வேண்டும். அது 14-தான், கேப்டன் அல்ல.

கேப்டனை வெளியே உட்கார வைக்கச் சொல்லவில்லை. லெஃப்ட் விங்கில் தொடங்கட்டும். லெஃப்ட் பேக்தான் கோட்டோரமாக ஏறிவிடுகிறானே, விங்கர் அங்கே நின்று என்ன செய்யப் போகிறார்? உள்ளே வந்துவிடலாம். கேப்டனுக்குப் பிடித்த வேலையே பாக்ஸுக்குள் நுழைவதுதானே.


மணல்திட்டு எழுதியது:

மக்கா, நானும் உங்கள் பக்கத்து ஆள்தான். மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஜூலையில் நம் கிரவுண்டு எப்படி இருக்கும் என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. தென்மேற்குப் பருவமழை விடாமல் கொட்டும். ஒரு பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும், இன்னொரு பக்கம் ஈர மணல். தரையோடு கொடுக்கிற பாஸ் பாதி வழியில் நின்றுவிடும். எல்லா டீமும் தூக்கித்தான் அடிப்பார்கள். பந்து ஸ்டாப்பர் தலையில் பட்டுக் கீழே விழும், அந்த இரண்டாவது பந்து யாருக்கு என்பதில்தான் ஆட்டமே முடிவாகும்.

அந்த நாளில் 10-ஆம் நம்பர் என்ன செய்வான்? அவனுடைய நாற்பது கஜ பாஸுக்கு முதலில் பந்து காலுக்கு வர வேண்டும். நான் என்றால் மழை நாளில் 6, 14 இருவரையும் நடுவில் பக்கம் பக்கமாக நிறுத்துவேன், கேப்டன் அவர்களுக்கு முன்னால். 10 பெஞ்சில்.

லெஃப்ட் விங்கில் கேப்டன் என்பதும் எனக்கு ஒத்துவரவில்லை. 2018 உலகக் கோப்பையில் பிரான்ஸ் செய்ததைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இடது பக்கம் டெம்பெலே. 2-1 என்று ஜெயித்தார்கள், ஆனாலும் பயிற்சியாளர் டெஷாம்ப்ஸுக்குத் திருப்தி இல்லை. பெருவுடன் ஆடியபோது டெம்பெலே இடத்தில் மத்துய்தியைப் போட்டார். மத்துய்தி விங்கரே இல்லை, சுத்தமான மிட்ஃபீல்டர். வலது பக்கம் எம்பாப்பே இறங்காமல் மேலேயே நிற்பதால், இடது பக்கம் ஒருவர் உள்ளே வந்து காண்டே, போக்பாவுடன் மூன்றாவது ஆளாக நின்றாக வேண்டும் என்பது அவர் கணக்கு. லெஃப்ட் பேக் லூகாஸ் ஹெர்னாண்டஸ் ஏறினாலும் பின்னால் மத்துய்தி இருந்தார். கோப்பை வந்தது. நம் டீமிலும் லெஃப்ட் விங்கில் ஓடுகிறவன்தான் வேண்டும், கோல் அடிக்கிறவர் அல்ல.


கரைமடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படித்ததோடு விடாமல் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி ஆட்டத்தில் போட்டும் பார்த்தேன். முதல் பாதியில் 6 நடுவில், 10 இடது, 14 வலது, கேப்டன் லெஃப்ட் விங்கில். பக்கத்து ஊர் டீம் நல்ல டீம், விட்டுக்கொடுத்து ஆடவில்லை.

10-ஐ இடது பக்கம் கீழே நிறுத்தியது நான் நினைத்ததற்கு மேலே போய்விட்டது. அவனுக்கு எதிராக நிற்க வேண்டிய ஆளுக்குக் குழப்பம். ஏறி வந்து அழுத்தினால் பின்னால் லெஃப்ட் பேக் தனியாக ஓடுகிறான், வராமல் நின்றால் 10 தலையை நிமிர்த்தி எங்கு வேண்டுமானாலும் போடுகிறான். கேப்டன் முதல் பத்து நிமிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் லெஃப்ட் பேக் கோட்டோரமாக ஓட, இவர் உள்ளே வந்து ஒரு கோல் அடித்தார். "இந்த இடம் இருக்கட்டும்" என்று அவரே சொன்னார்.

இரண்டாம் பாதியில் நல்ல மழை. மணல்திட்டு அண்ணன் சொன்ன மாதிரி 10-ஐ எடுத்துவிட்டு 6, 14 இருவரையும் நடுவில் போட்டேன். இரண்டாவது பந்தெல்லாம் எங்களுக்குத்தான். ஆனால் வாங்கிய பந்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. பறிக்கிறார்கள், தூக்கி அடிக்கிறார்கள், மறுபடியும் பறிக்கிறார்கள். நாங்களும் கோல் வாங்கவில்லை, எதிராளியும் வாங்கவில்லை. 1-0 என்று முன்னால் இருக்கும்போது அது போதும். 0-0 என்றால் போதாது.

இப்போது பெரிய கவலை வேறு. ஆகஸ்ட் ஆனதும் போட் கடலுக்குப் போய்விடும், 6-ஆம் நம்பர் அண்ணனும் போவார். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அது அவர் குடும்பத்தின் வருமானம், இருங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். ஆனால் நாக் அவுட் அப்போதுதான். அந்த இடத்துக்கு இரண்டு யோசனை இருக்கிறது. பள்ளிக்கூடம் முடித்த உயரமான பையன் ஒருவன், 16-ஆம் நம்பர், ஸ்டாப்பராக ஆடுகிறவன், அவனை முன்னால் கொண்டுவருவது. இல்லையென்றால் 10-ஐயே நடுவில் கீழே இறக்கி அங்கிருந்து ஆட வைப்பது. எது சரி?


பழைய சென்டர் ஹாஃப் எழுதியது:

தம்பி, ஆகஸ்டைப் பற்றி ஜூலையிலேயே யோசிக்கிறீர்கள், மிகவும் நல்லது. 2024 யூரோ கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு இதே நிலைமை வந்தது. ரோட்ரி காயத்தோடு இடைவேளையில் வெளியேறினார். அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர் அவர். அவர் இடத்தில் சுபிமெண்டி வந்தார். ஸ்பெயின் ஆட்டத்தை மாற்றவில்லை, இங்கிலாந்தை 2-1 என்று ஜெயித்தது. சுபிமெண்டி அதே வேலையைத் தன் கிளப்பில் வருடக்கணக்காகச் செய்து வந்தவர் என்பதால் அது முடிந்தது. உங்கள் 16 இன்று வரை ஸ்டாப்பர். ஸ்டாப்பருக்கு ஆட்டம் முழுவதும் கண் முன்னால் நடக்கும். நடுக்களத்தில் முதுகுக்குப் பின்னாலும் ஆள் இருப்பான். அதற்குத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பழக்கம் வேண்டும். அது ஆகஸ்ட் 1-ஆம் தேதி காலையில் வந்துவிடாது.

அதனால் இன்றிலிருந்தே பயிற்சியில் 6-க்குப் பக்கத்தில் அவனை நிறுத்துங்கள். எப்போது முன்னேறிப் போய்ப் பறிக்க வேண்டும், எப்போது நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்று அந்த அண்ணனே சத்தம் போட்டுச் சொல்லட்டும். நானோ நீங்களோ கோட்டுக்கு வெளியே நின்று சொல்வதை விட அது நன்றாக ஏறும். லீக் ஆட்டங்களில் முன்னால் இருந்தால் கடைசி இருபது நிமிடம் 10-ஐ எடுத்துவிட்டு 16-ஐ விடுங்கள்.

இரண்டாவது யோசனையும் தள்ளிவிடக்கூடியது அல்ல. அதைச் செய்து காட்டியவர் இத்தாலியின் பிர்லோ. அவர் முதலில் 10-ஆம் நம்பர் ஆட்டக்காரர்தான். 2001-ல் பிரேஷியா கிளப்பில் கடனுக்கு ஆடியபோது அந்த இடத்தில் பாஜியோ இருந்தார். அதனால் பயிற்சியாளர் மட்சோனே இவரை டிஃபென்ஸுக்கு முன்னால் இறக்கினார். பின்னர் மிலான் கிளப்பில் பயிற்சியாளர் அன்செலோட்டி அதையே நிரந்தரமாக்கினார். 2003, 2007 இரண்டு சாம்பியன்ஸ் லீக் வந்தது. ஆனால் பக்கத்தில் கத்தூசோ இருந்தார் என்பதை மறக்கக்கூடாது. பிர்லோ பறிக்க வேண்டியதைக் கத்தூசோ பறித்தார். இன்னொரு பக்கம் ஸீடோர்ஃப், உடல் பலமும் கால் திறமையும் இரண்டும் உள்ளவர்.

உங்கள் டீமில் கத்தூசோ வேலைக்கு 14 இருக்கிறான். ஆனால் ஒரே ஆள் ரைட் விங்கருக்கும் சேர்த்து ஓட வேண்டும், 10-க்கும் சேர்த்துப் பறிக்க வேண்டும் என்றால் கல்லூரிப் பையனானாலும் தாங்கமாட்டான். எனவே 10 நடுவில் இறங்கினால் இடது பக்கம் 16 நிற்க வேண்டும். லெஃப்ட் பேக் ஏறும்போது 16 தானாகவே அவன் பழைய ஸ்டாப்பர் இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவான், அது அவனுக்குத் தெரிந்த வேலை. ஆகஸ்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான்: 14, 10, 16. கேப்டன் லெஃப்ட் விங்கிலேயே இருக்கட்டும். பலத்த மழை என்றால் மட்டும் 16 நடுவில், 10 பெஞ்சில்.

மணல்திட்டு நண்பர் சொன்ன மத்துய்தி கணக்கு தவறில்லை. ஆனால் 14-ஐ இடது பக்கம் கொண்டுபோனால் ரைட் பேக் அனாதையாகிவிடுவான். டெஷாம்ப்ஸிடம் நடுவில் ஓடி ஓடிப் பறிக்கிற காண்டே இருந்தார், நம்மிடம் அப்படி ஒருவர் இல்லை.


மணல்திட்டு எழுதியது:

சரி அண்ணா, ரைட் பேக் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். மழை நாளுக்கு மட்டும் நான் சொன்னது நிற்கட்டும். 10-ஐ வேகத் தடையாக நான் பார்க்கவில்லை, பந்து உருளாத இடத்தில் அவனை வீணாக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்.


கரைமடி எழுதியது:

மழை நாளுக்கு இரண்டாம் பாதியில் 10-ஐ விடலாம் என்று நினைக்கிறேன். எதிராளியின் கால் சோர்ந்திருக்கும்போது உள்ளே போனால் ஒரு பாஸ் போதும். கேப்டனிடமும் 6-ஆம் நம்பர் அண்ணனிடமும் பேசிவிட்டேன். 16-ஐத் தன் பக்கத்தில் நிறுத்தச் சொன்னதும் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். நேற்று பயிற்சி முடிந்த பிறகும் அந்தப் பையனை விடாமல் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

கடைசியாக ஒன்று. எங்களுக்குக் கார்னர் கிடைத்தால் 16-ம் உயரமான ஸ்டாப்பர் ஒருவனும் மேலே போவார்கள், கேப்டனும் பாக்ஸுக்குள். பின்னால் யார் யார் நிற்பது?


பழைய சென்டர் ஹாஃப் எழுதியது:

கார்னரை 10 அடிப்பான் என்று வைத்துக்கொள்கிறேன். பின்னால் ரைட் பேக்கும் இன்னொரு ஸ்டாப்பரும். பாக்ஸுக்கு வெளியே, நடுவில், வெளியே வரும் பந்துக்காக 14. லெஃப்ட் பேக்கை அப்போது மட்டும் பாதிக் கோட்டிலேயே நிறுத்துங்கள், எதிராளி வேகமானவன் ஒருவனை மேலே விட்டு வைத்திருந்தால் அவன் பக்கத்திலேயே. 10 அடித்துவிட்டு அங்கேயே நிற்கக்கூடாது. பந்து காற்றில் இருக்கும்போதே உள்நோக்கி நடக்கத் தொடங்க வேண்டும், 14 பந்தைப் பிடித்தால் உடனே கொடுக்க முதல் ஆள் அவன்தான்.